பறக்கும் பாம்பு: பயம் மேலே, ஆபத்து கீழே!

மிளகுப் பறிப்புக் காலத்தில் மரமேறும் விவசாயிகளுக்கு ஒரு விளக்கம்

தை பிறந்துவிட்டால் கொல்லிமலையில் மிளகுப் பறிப்பு களைகட்டிவிடும். சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு ஆட்கள் ஏறுவார்கள். அந்தச் சமயத்தில் செம்மேடு, சோளக்காடு பக்கம் விவசாயிகள் கூட்டத்துக்குப் போனால், மிளகு விலைக்கும் வாடல் நோய்க்கும் அடுத்தபடியாக ஒரு கேள்வி வந்துவிடும்.

''சார், மேலே கொடியில கையை வெச்சா பாம்பு ஒண்ணு பறந்து அடுத்த மரத்துக்குப் போகுதுங்க. நெத்தியில கொத்திட்டுப் போயிடும்னு சொல்றாங்க. நெசமாவே பாம்பு பறக்குமாங்க?''

இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. பத்துப் பதினைந்து அடி உயரத்தில், ஒரு கை கொடியிலும் ஒரு கால் ஏணிப்படியிலும் இருக்கிற ஆளுக்குப் பயம் வந்தால், அடுத்த நொடி அவர் இருக்குமிடம் தரைதான். பாம்பு கடிக்கிறதோ இல்லையோ, விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். பயத்தில் கண்ணில் பட்ட மரப் பாம்பையெல்லாம் அடித்துப் போடுவதும் நடக்கிறது. ஆகவே பறக்கும் பாம்பு என்பது எது, அது எப்படிக் காற்றில் போகிறது, அதனால் நமக்கு ஆபத்து உண்டா என்று ஒழுங்காகத் தெரிந்துகொள்வோம்.

நீங்கள் பார்ப்பது எந்தப் பாம்பு?

நம் பக்கத்துத் தோட்டங்களில் மரம் விட்டு மரம் தாவுகிற பாம்பு, பெரும்பாலும் கொம்பேறி மூக்கன்தான். விரல் கனத்தில் ஒல்லியான உடம்பு, மூன்று நாலு அடி நீளம். முதுகில் வெண்கலம் தேய்த்தது போன்ற பழுப்பு நிறப் பட்டை ஓடும். பக்கவாட்டில் வெளிர் மஞ்சள் கோடு இருக்கும். கோபத்தில் கழுத்தை உப்பினால் செதில்களுக்கு நடுவில் நீல நிறம் தெரியும். பகலில்தான் நடமாட்டம். பல்லி, ஓணான், தவளை ஆகியவை இதன் சாப்பாடு. இதற்கு விஷம் கிடையாது.

கொம்பேறி மூக்கன் தாவும், மிதக்காது. கொம்பின் நுனிக்குப் போய், உடம்பைச் சுருக்கி விசையோடு நீட்டி, பக்கத்துக் கொம்பைப் பிடித்துவிடும். தவறினால் கீழே விழும், விழுந்தால் ஓடிவிடும். ஆடு வரப்பைத் தாண்டுவதைப் போல அது ஒரு தாவல், அவ்வளவுதான்.

இந்தப் பாம்பைப் பற்றி ஊருக்கு ஊர் ஒரு கதை உண்டு. ஆளைக் கடித்துவிட்டு, சுடுகாட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து, பிணம் எரிகிற புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும் என்பார்கள். சுடுகாட்டு ஓரத்து மரங்களை யாரும் சட்டென்று வெட்டுவதில்லை. மரம் நிற்கிற இடத்தில் மரப் பாம்பு இருக்கத்தானே செய்யும்? அங்கே அதைப் பார்த்தவர்கள் கட்டிய கதையாகத்தான் இருக்க வேண்டும். விஷமே இல்லாத பாம்பு யாருடைய புகைக்காகக் காத்திருக்கும்?

உண்மையிலேயே காற்றில் மிதந்து போகிற பாம்புகள் வேறு. அவை கொம்பேறி மூக்கனுக்குச் சொந்தக்காரர்கள். பங்காளிகள் என்றே சொல்லலாம். அந்த வகையில் உலகத்தில் மொத்தம் 5 இனங்கள்தான் உண்டு. எல்லாமே தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்பவை. நம் நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இருப்பது அலங்காரப் பறக்கும் பாம்பு. பச்சை கலந்த மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடுகள் குறுக்கே ஓடும். சிலவற்றின் முதுகில் செம்பூவை வரிசையாக ஒட்டி வைத்ததைப் போலப் புள்ளிகள் இருக்கும். நீளம் சுமார் 3 முதல் 4 அடி.

இன்னொன்று இலங்கைப் பறக்கும் பாம்பு. 1943-ஆம் ஆண்டு மால்கம் ஸ்மித் என்ற ஆய்வாளர் இதற்குப் பெயர் வைத்தார். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பிறகு ஆந்திராவில் திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் மலைக்காட்டில் அது இருப்பது தெரியவந்து, 2015-இல் இந்தியாவின் முதல் பதிவாக வெளியானது. சேஷாசலமும் கிழக்குத் தொடர்ச்சி மலைதான், நம் கொல்லிமலையும் அதே தொடரின் கண்ணிதான். ஒரு பாம்பு இந்தியாவில் இருக்கிறது என்று தெரியவே இத்தனை காலம் ஆகியிருக்கிறது. மரத்தின் உச்சியில் வாழ்வதை ஒழுங்காகப் பார்க்க ஆளில்லை என்பதுதான் காரணம். அதனால் தோட்டத்தில் இப்படி ஒன்றைப் பார்த்தால், கம்பை எடுக்காமல் கைப்பேசியை எடுத்துத் தள்ளி நின்று ஒரு படம் பிடியுங்கள். வனத்துறையிடம் காட்டினால் அது பயனுள்ள தகவல்.

இறக்கை இல்லாமல் எப்படி?

'பறக்கும்' என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, இந்தப் பாம்பு காக்கையைப் போல மேலே ஏறிப் பறக்காது. உயரத்திலிருந்து குதித்து, விழுகிற வேகத்தையே பயன்படுத்தி முன்னோக்கிச் சறுக்கிப் போகும். முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு நொடியும் அது கீழேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேக் சோகா. சிங்கப்பூரில் 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி உயரச் சாரத்தின் மேலிருந்து பாம்புகளைக் குதிக்கவிட்டுப் படம்பிடித்து, அவை போகும் பாதையை அளந்தார். அந்த முடிவுகள் 2002-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. அவர் அதிகம் ஆராய்ந்தது தென்கிழக்கு ஆசியாவில் வாழும் இனத்தை. நம் ஊர் இனத்துக்கு அது நெருங்கிய உறவு. அவர் கண்டதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி, குதிப்பது. பாம்பு கொம்பின் நுனிக்கு வந்து வாலால் பிடித்துக்கொள்ளும். முன் உடம்பைக் கீழே தொங்கவிட்டு, தொரட்டிக் கொக்கி போல வளைத்துக்கொள்ளும். பிறகு ஒரே வீச்சில் மேலேயும் முன்னேயும் தன்னைத் தூக்கி எறியும். கை கால் இல்லாமல் இப்படி எம்பிக் குதிப்பதே பெரிய வித்தை.

இரண்டாம் படி, உடம்பைத் தட்டையாக்குவது. நல்ல பாம்பு படமெடுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கழுத்துப் பக்கத்து விலா எலும்புகளை விரித்துத்தான் அது படமெடுக்கிறது. பாம்புக்கு நம்மைப் போல நெஞ்செலும்பு கிடையாது. விலா எலும்பின் முனைகள் கட்டுப்படாமல் இருப்பதால் இது முடிகிறது. பறக்கும் பாம்பும் இதையேதான் செய்கிறது. ஆனால் கழுத்தோடு நிற்காமல், தலைக்குப் பின்னாலிருந்து கழிவுத் துவாரம் வரை முழு உடம்பையும் விரிக்கிறது. நல்ல பாம்பு கழுத்தில் மட்டும் படமெடுக்கும். இது உடம்பு முழுக்கப் படமெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உருண்டையாக இருந்த உடம்பின் அகலம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும்.

தட்டை என்றால் பலகை மாதிரி இல்லை. அடிப்புறம் சற்றுக் குழிந்து, இரண்டு ஓரங்களும் கீழ்நோக்கி இறங்கி இருக்கும். பழைய வீட்டுக் கூரையில் நாட்டு ஓட்டைக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதே வடிவம். விழும்போது அந்தக் குழிவுக்குள் காற்று மோதித் தேங்கி, உடம்பை மேல்நோக்கித் தாங்குகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு முழக் கயிற்றையும், அதே எடையில் காய்ந்த வாழை மட்டைத் துண்டு ஒன்றையும் மாடியிலிருந்து ஒன்றாகப் போடுங்கள். கயிறு நேராக விழுந்துவிடும். மட்டை காற்றில் தங்கி, ஆடி அசைந்து, கொஞ்சம் தள்ளிப் போய் விழும். எடை ஒன்றுதான்; காற்றைத் தாங்குகிற பரப்புதான் வித்தியாசம். நாம் முறத்தில் புடைக்கும்போது தானியம் முறத்திலேயே விழ, பதர் தள்ளிப் போவதும் இதே கணக்குதான்.

இந்த ஓட்டு வடிவத்தின் திறமையை 2014-இல் சோகாவின் குழு தனியாகச் சோதித்தது. பாம்பு உடம்பின் குறுக்குவெட்டு வடிவில் ஒரு மாதிரியைச் செய்து, ஓடுகிற தண்ணீரில் வைத்து, எந்தச் சாய்வில் எவ்வளவு தூக்கு விசை கிடைக்கிறது என்று அளந்தார்கள். 35 டிகிரி சாய்வில் அதிகபட்சத் தூக்கு விசை கிடைத்தது. சாதாரண விமான இறக்கையை அவ்வளவு தூக்கிச் சாய்த்தால் காற்று பிடிமானம் விட்டுப் போய், விமானம் விழத் தொடங்கிவிடும். பாம்பு வடிவத்துக்கு அந்தச் சாய்விலும் பிடிமானம் இருக்கிறது.

மூன்றாம் படி, வேகம் சேர்ப்பது. குதித்தவுடன் பாம்பு செங்குத்தாகத்தான் விழும். விழ விழ வேகம் கூடும். வேகம் கூடினால் காற்றின் தாங்கலும் கூடும். அப்போது பாதை மெல்ல மெல்லப் படுத்துச் சாய்வாகிவிடும். இந்த நேரத்தில் வேகம் நொடிக்கு 8 முதல் 10 மீட்டர் வரை இருக்கும். மணிக்கு சுமார் 30, 35 கிலோமீட்டர். கூட்டமில்லாத தெருவில் மொபெட் போகிற வேகம்.

நான்காம் படிதான் வேடிக்கை. இறங்குகிற வழியெல்லாம் பாம்பு நெளிந்துகொண்டே போகும்.

காற்றில் ஏன் நெளிகிறது?

தண்ணீர்ப் பாம்பு கிணற்றில் நெளிவது தண்ணீரைத் தள்ளி முன்னேறுவதற்கு. வயலில் சாரை நெளிவது மண்ணையும் புல்லையும் உந்திப் போவதற்கு. காற்றில் தள்ளுவதற்கு அப்படி என்ன இருக்கிறது? தரையில் இருந்த பழக்கத்தில் நெளிகிறதா, இல்லை அதனால் ஏதாவது பயன் உண்டா என்பது வெகுநாள் சந்தேகமாக இருந்தது.

2020-இல் 'நேச்சர் பிசிக்ஸ்' இதழில் ஐசக் யீட்டன், ஜேக் சோகா உள்ளிட்டோர் எழுதிய ஆய்வு இதற்கு விடை சொன்னது. வர்ஜீனியா டெக்கில் நான்கு மாடி உயரமுள்ள ஒரு அரங்கத்தில், 8.3 மீட்டர் உயர மேடையிலிருந்து பாம்புகளைக் குதிக்கவிட்டார்கள். பாம்பின் முதுகில் தலை முதல் வால் வரை சின்னச் சின்ன ஒளிரும் ஒட்டுகளை ஒட்டி, சுற்றிலும் 23 கேமராக்களை வைத்து, உடம்பின் ஒவ்வொரு பகுதியும் எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். நெளிவு பக்கவாட்டில் மட்டும் இல்லை. உடம்பு மேலும் கீழுமாகவும் அலையடிக்கிறது. மேல் கீழ் அலை, பக்கவாட்டு அலையைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. பக்கவாட்டில் ஒரு நெளிவு முடிய ஒரு நொடியோ, அதைவிடக் குறைவாகவோதான் ஆகிறது.

பிறகு இதே அளவுகளை வைத்துக் கணினிக்குள் ஒரு பாம்பை உருவாக்கினார்கள். உண்மைப் பாம்பிடம் 'நெளியாமல் குதி' என்று சொல்ல முடியாது; கணினிப் பாம்பிடம் சொல்லலாம். நெளியவிட்டபோது அது சமநிலையோடு மிதந்தது. நெளிவை நிறுத்தியபோது நிலைதடுமாறிக் கவிழ்ந்தது. ஆக, பாம்பு காற்றில் நெளிவது முக்கியமாகக் கவிழாமல் இருப்பதற்குத்தான். கூடவே கொஞ்சம் தூரமும் கிடைக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு குச்சியை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடுவதைப் பாருங்கள். கையை அசைக்காமல் வைத்தால் குச்சி விழுந்துவிடும். கை இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் நிற்கும். பாம்பும் அப்படித்தான். வால் பக்கம் அசைந்துகொண்டே இருப்பதால் தலைப் பக்கம் நிலையாக இருக்கிறது.

இந்தக் கணக்கு நமக்கு என்ன சொல்கிறது?

இனி தோட்டத்துக்கு வருவோம். சிங்கப்பூர் சோதனையில் மிக நன்றாக மிதந்த பாம்பின் பாதை 13 டிகிரி சாய்வில் இருந்தது. ஒரு அடி இறங்கினால் நாலு அடிக்குச் சற்று மேல் முன்னே போகிறது என்று அர்த்தம். சராசரியாகப் பார்த்தால் 28 டிகிரி அளவில். அதாவது ஒரு அடி இறங்கினால் இரண்டு அடிக்கும் கொஞ்சம் குறைவு. இந்தச் சாய்வும் முதலில் நன்றாக விழுந்து வேகம் பிடித்த பிறகு கிடைப்பதுதான்.

இரண்டு இனங்களை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் அலங்காரப் பறக்கும் பாம்பு, தென்கிழக்கு ஆசிய இனத்தைவிடக் குறைவான தூரமே போனது. பெரிய பாம்பைவிடச் சின்னப் பாம்பு நன்றாக மிதக்கிறது என்பதும் தெரிந்தது. அதாவது கனமான பெரிய பாம்பு ஒன்று வெகுதூரத்திலிருந்து பறந்து வந்து ஆளைத் தாக்கும் என்பது கணக்குக்கே ஒத்துவராத பேச்சு.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன.

ஒன்று, உயரம் இல்லாமல் பாம்பு மிதக்க முடியாது. தரையிலிருந்தோ, வரப்பிலிருந்தோ, இடுப்பளவுச் செடியிலிருந்தோ எந்தப் பாம்பும் பறந்து வராது. காபிச் செடியிலிருந்து 'பறந்து வந்து கொத்தியது' என்றால், அது பறந்தது இல்லை. அருகிலிருந்து எட்டிக் கடித்தது.

இரண்டு, ஒருமுறை குதித்துவிட்டால் திரும்பி மேலே வர முடியாது. காற்றில் போகும்போது திசை திருப்பத் தெரியும். அதையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் திறமை அடுத்த மரத்தைச் சேர்வதற்கும் எதிரியிடமிருந்து தப்பிப்பதற்கும்தான். பல்லியும் ஓணானும் விழுங்குகிற வாய்க்கு மனிதன் இரை இல்லை.

மூன்றாவதுதான் மிளகு பறிப்பவர்களுக்கு மிக முக்கியம். பாம்பு உங்களை நோக்கிக் குதிப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் நம் ஏணிதான். மரத்தில் இருக்கிற பாம்புக்கு இறங்குவதற்கு ஒரே வழி அந்தத் தண்டு. அந்தத் தண்டில் ஏணியைச் சாய்த்து நாம் ஏறி வருகிறோம். கீழ்வழி அடைபட்டுவிட்டது. கையும் தொரட்டியும் அருகில் வரும்வரை அது இலை மறைவில் அசையாமல் இருக்கும். இனி மறைய முடியாது என்று ஆனதும், மிச்சமிருக்கிற ஒரே வழியான காற்றில் பாய்கிறது. அது நம் தலைக்கு மேலே போகிறது. நமக்கோ நம் மேல் பாய்ந்ததாகத் தெரிகிறது.

அப்படியானால் தீர்வும் எளிது. ஏறுவதற்கு முன் அதற்கு வழிவிட வேண்டும்.

ஏறும் முன் இரண்டு நிமிடம்

* ஏணியைச் சாய்க்கும் முன், கம்பால் அடிமரத்தை நாலைந்து முறை பலமாகத் தட்டுங்கள். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. ஆனால் அதிர்வு நன்றாகத் தெரியும். தட்டிவிட்டு இரண்டு நிமிடம் தள்ளி நில்லுங்கள். போக நினைப்பது போய்விடும்.

* மேலே அண்ணாந்து கொடியைச் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். நீளமான தொரட்டியால் அடர்ந்த இலைகளை விலக்கிப் பார்த்த பிறகு கையை நீட்டுங்கள். பார்க்காமல் கொடிக்குள் கையை விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

* ஏணியை அடியிலும் உச்சியிலும் மரத்தோடு கயிறு போட்டுக் கட்டுங்கள். கீழே ஒரு ஆள் பிடித்துக்கொள்ளட்டும். பாம்பைப் பார்த்துத் திடுக்கிட்டாலும் ஏணி நழுவக்கூடாது. பெரும்பாலான மரப் பாம்புகளால் வரக்கூடிய ஒரே ஆபத்து, நாம் கீழே விழுவதுதான்.

* பாம்பு தெரிந்தால் தொரட்டியால் தள்ள வேண்டாம். அசையாமல் நின்று, மெதுவாக இறங்கி, அடுத்த மரத்துக்குப் போங்கள். அரைமணி கழித்து வந்தால் இந்த மரம் காலியாக இருக்கும்.

* மழைக்கு முன் சில்வர் ஓக் கிளைகளைக் கவாத்து செய்கிறோம். அது மிளகுக்கு வெளிச்சம் தருவதோடு, கொடிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவும் உதவும்.

கீழே பாருங்கள்!

நாம் பயத்தோடு மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். உண்மையான ஆபத்து காலடியில் இருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலானவர்கள் கிராமத்து மக்கள், நம்மைப் போல மண்ணில் வேலை செய்கிறவர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

நம் நாட்டில் அதிக உயிர்களைப் பறிப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான். நான்குமே தரையில் வாழ்பவை. பறக்கும் பாம்போ, கொம்பேறி மூக்கனோ இந்தக் கணக்கில் கிடையாது.

ஆகவே சருகுக் குவியலையும் கல் வரப்பையும் வெறுங்கையால் கிளறாதீர்கள். பறித்து உதிர்ந்த மிளகைச் சருகுக்குள் துழாவிப் பொறுக்காமல், பறிக்கும் முன்பே மரத்தடியில் தார்ப்பாயை விரித்துவிடுங்கள். முழங்கால் வரை வரும் பூட்ஸ் போடுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். களத்தில் மிளகுக்குக் காவல் படுக்கிறவர்கள் தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிவிட்டுப் படுங்கள். குச்சிக்கிழங்கு, சாமை, ராகி வைக்கிற இடத்தில் எலி சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும்.

கடித்துவிட்டால் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த கையைப் போல அந்த உறுப்பை அசையாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். கொல்லிமலையிலிருந்து கீழே இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கடித்த பிறகு எங்கே போவது என்று யோசித்தால் நேரம் போய்விடும். பறிப்புத் தொடங்கும் முன்பே, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பு இருக்கிறது என்று விசாரித்து, வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

அந்த மருந்தின் மூலப்பொருளும் பாம்பிடமிருந்துதான் வருகிறது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், இந்த நான்கு பாம்புகளின் விஷத்தை எடுத்துத் தருகிறது. விஷத்தை எடுத்த பிறகு பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்பை நன்றாக அறிந்தவர்கள் அதை அடிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பறக்கும் பாம்பு கடித்தால் உயிருக்கு ஆபத்தா?

இல்லை. வாயின் பின்பக்கப் பற்களில் லேசான விஷம் உண்டு. பல்லியை மயக்க அது போதும். மனிதனுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் கடித்தது எது என்று உறுதியாகத் தெரியாத நிலையில், எந்தப் பாம்புக் கடியானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுவதுதான் பாதுகாப்பு.

கேள்வி: மிளகுக் கொடியில் இருக்கிற பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்கிறார்களே?

பென்சில் போல ஒல்லியாக, கூரான மூக்கோடு இருப்பது பச்சைப் பாம்பு. கண்கொத்திப் பாம்பு என்று பெயர் வைத்துவிட்டோம். அது கண்ணைத் தேடிக் கொத்துவதில்லை. கவனிக்க வேண்டியது மூங்கில் விரியன். அதுவும் பச்சைதான், ஆனால் உடம்பு குட்டையாகவும் தடிமனாகவும், தலை முக்கோணமாக அகன்றும், கழுத்து ஒடுங்கியும் இருக்கும். பகலில் ஓடை ஓரத்து மூங்கிலிலும் தாழ்ந்த கிளையிலும் அசையாமல் கிடக்கும். தட்டினாலும் சட்டென்று விலகாது. ஆகவே பார்த்துவிட்டுக் கை வைப்பது ஒன்றே வழி. கடித்தால் கடுமையான வலியும் வீக்கமும் வரும், இறப்பு அரிது. வழக்கமான விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்காகத் தயாரிக்கப்படுவது. அதனால் கடித்த பாம்பின் நிறத்தையும் தலை வடிவத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்காகப் பாம்பைத் துரத்திப் பிடிக்கப் போக வேண்டாம்.

கேள்வி: பூண்டு, கந்தகம், பினாயில் போட்டால் தோட்டத்துக்குப் பாம்பு வராதா?

அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். இவை எதுவும் பாம்பை நம்பகமாக விரட்டுவதில்லை. எலி, சருகு, கற்குவியல் இந்த மூன்றையும் வீட்டைச் சுற்றி இல்லாமல் செய்தாலே பாதிப் பாம்பு குறைந்துவிடும்.

கேள்வி: மரப் பாம்பால் விவசாயிக்கு ஏதாவது நன்மை உண்டா?

உள்ளதைச் சொன்னால், எலியைக் கட்டுப்படுத்தும் வேலையை அதிகம் செய்வது தரையில் வாழும் சாரைப் பாம்புதான். கொம்பேறி மூக்கனின் சாப்பாடு பல்லியும் தவளையும். ஆனால் அது நம் பயிரில் ஓர் இலையைக்கூடத் தொடுவதில்லை; நம்மிடம் எதையும் கேட்பதுமில்லை. பருந்துக்கும் கீரிக்கும் அது இரை. கெடுதல் செய்யாத ஒன்றை அடிப்பதற்கு, அது நன்மை செய்யவில்லை என்பது காரணமாகாது.

கேள்வி: வீட்டு ஓட்டுக் கூரையில் பாம்பு இருந்தால் யாரைக் கூப்பிடுவது?

தீயணைப்புத் துறை அல்லது வனத்துறையை அழையுங்கள். அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் நாயையும் தள்ளி வைத்து, பாம்பு எங்கே இருக்கிறது என்று ஒருவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பாம்பைப் பிடித்து வைத்து வேடிக்கை காட்டுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

இந்தப் பறிப்புக்குப் போகும்போது கூலிக்கு வருகிற ஆட்களிடமும் இதைச் சொல்லுங்கள். மரத்தைத் தட்டுங்கள், ஏணியைக் கட்டுங்கள், தார்ப்பாயை விரியுங்கள். மேலே இருப்பது தன் வழியில் போய்விடும். கீழே கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள்.